கழிவு

கிளினிக் தராசுக்கு பேட்டரி கேட்டு
மூன்று கடிதம் எழுதினேன்.
மூன்றும் ஆபீஸ் ஃபைலில் சுகமாக இருக்கின்றன.

யதுர்ஷினியைக் கொண்டுவந்தபோது மணி மூன்று.
ஏழாம் லயம், போன தையில் மூன்று வயது முடிந்தது.
தொட்ட கையைச் சுட்டது உடம்பு.
"முந்தின காய்ச்சல்ல கண்ணு மேல போய் இழுத்திருச்சி மிஸ்"
என்றாள் பாக்கியவதி.
இடுப்பில் படங்கை அவிழ்க்கவும் நேரமில்லாமல்
மலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள்.
டிக்கோயா ஆஸ்பத்திரிப் பாதையில் மண் சரிந்து
லொறியும் இல்லை, ஆட்டோவும் இல்லை.

சுவரில் ஒட்டிய அட்டவணை சொன்னது:
மூன்று முதல் ஐந்து வயது, பதினாறு கிலோ,
பத்து மில்லி.
எந்த ஊர்ப் பிள்ளைகளை நிறுத்து எழுதினார்களோ.
இவள் மணிக்கட்டைப் பிடித்தால்
என் இரண்டு விரல் வளையத்துக்குள்
இன்னும் இடம் மிச்சம்.
பத்து மில்லி, நாளைக்கு நாலு தரம்:
காய்ச்சல் இறங்கும்.
ஈரலுக்கு யார் பதில் சொல்வது?

கொழுந்து மடுவத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.
கொக்கியில் சாக்கு, சாக்கில் பிள்ளை.
அழக்கூட இல்லை அவள். முள் ஆடி ஆடி
எட்டில் நின்றது.

எட்டு. கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம்.
எட்டுப் பதினைந்து நூற்றிருபது.
சிரப்பில் அது சரியாக ஐந்து மில்லி.
பரீட்சைத் தாளில் வருவதுபோல்
மிச்சமே இல்லாத கணக்கு.

பாக்கியவதி சத்தமில்லாமல் சிரித்தாள்.
"இது கொறச்சித்தான் காட்டும் மிஸ்.
அது எங்க எல்லாருக்கும் தெரியும்.
எவ்வளவுன்னுதான் தெரியாது."

கணக்கப்பிள்ளை சவரிராயன்
விரித்த குடையை மடக்கினார், மறுபடி விரித்தார்.
"சாக்குக்குக் கழிவு, தண்ணிக்குக் கழிவு
எல்லாம் புத்தகத்திலதான்.
முள்ளப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

என்னிடம் இருந்தது ஒரு லிட்டர் ஜாடி,
ஜீவனி கரைக்கிறது.
வெறும் வாளியைக் கொக்கியில் மாட்டி
முள்ளைப் பூச்சியத்துக்குத் திருகினேன்.
பீலியிலிருந்து பத்து ஜாடி.
ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ.
கம்பெனி மாறும், துரை மாறுவார்,
அது மாறாது.
ஈரக் கொழுந்தென்று இத்தனை வருஷம்
எந்தத் தண்ணீரின் பேரில் கழித்தார்களோ
அந்தத் தண்ணீர் கொக்கியில் தொங்கிச் சாட்சி சொன்னது.

முள் நின்றது
எட்டில்.

அப்படியானால் பிள்ளை பத்துக் கிலோ.
நூற்றைம்பது மில்லிகிராம்.
ஆறேகால் மில்லி.
ஊசியில்லாத சிரிஞ்சை மழை வெளிச்சத்தில் பிடித்து
கால் மில்லிக்கு எங்கே கோடென்று தேடினேன்.
கன்னத்து ஓரமாய்ச் சொட்டுச் சொட்டாய் விட்டேன்.
முகத்தைச் சுளித்தாள், விழுங்கினாள்.

முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு
பாக்கியவதி கேட்டாள்:
"பத்துக்கு எட்டுன்னா,
பதினாறுக்கு எத்தன மிஸ்?"

நேற்று அவளுக்குப் பதினாறு கிலோ எழுதியிருக்கிறது.
பதினெட்டு இல்லையென்று அரைப்பேர்.

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.
சவரிராயன் என்னைப் பார்த்தார்.
எனக்கும் அதே ஆபீஸில்தான் சம்பளம்,
அதே துரையின் கையெழுத்து.
ஆனால் ஒரு நிமிஷத்துக்கு முன்னால்
இதே கணக்கை நம்பி
ஒரு பிள்ளையின் வாயில் மருந்து விட்டிருக்கிறேன்.

"இருபது" என்றேன்.

கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நின்றவள் ஒருத்தி
பின்னால் திரும்பி அதைச் சொன்னாள்.
அவள் அடுத்தவளுக்கு.
வாளியை யாரும் இறக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே
பேட்டரி வந்தது. கேட்டது நாலு, வந்தது எட்டு.
கூடவே ஒரு துண்டு:
இனிமேல் பிள்ளைகளை மடுவத்தில் நிறுக்க வேண்டியதில்லை.

காய்ச்சல் இறங்கி வந்த யதுர்ஷினியை
கிளினிக் தராசில் ஏற்றினேன்.
ஒன்பது தசம் எட்டு.
அந்தத் தசம் இரண்டு
ராத்திரி வேர்வையில் போயிருக்கும்.

ரெஜிஸ்டரில் நேற்றைய எடையை நான் திருத்தவில்லை.
பத்துக் கிலோ.
நிறுத்த கருவி என்ற கட்டத்தில்:
பீலித் தண்ணீர்.